இல்லம் நாடும் மருத்துவமும் அதன் தரமும்

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார் வள்ளுவர். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. மருத்துவமனையில் நான்காமவராகச் செவிலியர் உளர். இல்லத்திலோ அப்பொறுப்பு பெரும்பாலும் மனைவியிடமோ மகளிடமோ மருமகளிடமோ வந்து சேர்கின்றது.

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்ணுக்கு, மருத்துவமனையில் கழியும் ஒரு நாள் கூலியிழந்த நாளாகும். இத்தகையோர் இல்லம் நாடி மருந்து செல்லவே, 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர் வீடுகளுக்குக் கொண்டு சென்றனர். இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் இதில் இடம்பெற்றன.

இத்தகைய பணியின் தரத்தை எவ்வாறு அளப்பது? அவேடிஸ் டொனபீடியன் என்னும் அறிஞர் 1966இல் மூன்று அளவுகோல்களை வகுத்தார். ஆளும் கருவியும் உளவா என்பது அமைப்பு. செய்ய வேண்டியதை முறையாகச் செய்தனரா என்பது செயல்முறை. நோயாளி நலம் பெற்றாரா என்பது விளைவு. எத்தனை வீடுகளுக்கு மாத்திரை சென்றது என்னும் கணக்கு செயல்முறையையே காட்டும், விளைவைக் காட்டாது.

தமிழகத்தில் 2020இல் நிகழ்ந்த ஆய்வின்படி, உயர் இரத்த அழுத்தம் உடையோருள் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுப்பாட்டில் இருந்தது. பின்னர் 2023-24இல் நிகழ்ந்த ஆய்வில் அது 17 விழுக்காடாக உயர்ந்தது. இரு மடங்கினும் மிகுந்த இவ்வுயர்வு பாராட்டுக்குரியது. எனினும் நூற்றுக்கு எண்பத்து மூவர் இன்னும் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளனர் என்பதையும் அதே எண் உணர்த்துகின்றது. தம் நோயை அறியாதோர், அறிந்தும் மருந்தைத் தொடராதோர், தொடர்ந்தும் அளவு போதாதோர் என இவர்கள் பல வகையினர். குறை எவ்வகையது என அறிந்தாலன்றித் திருத்தம் இயலாது.

இல்லத்திலும் இவ்வளவைகளைக் கைக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறிய பின்னரே அழுத்தம் அளக்கப்பட்டதா? மாத்திரை இடையறாது உட்கொள்ளப்பட்டதா? படுக்கையில் கிடப்பவர் உரிய இடைவெளியில் புரட்டிப் படுக்க வைக்கப்பட்டாரா? புதிதாகப் படுக்கைப்புண் தோன்றியதா? பேணுபவருக்கு ஓய்வு கிடைத்ததா? இவ்வைந்துக்கும் விடையை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்தால், அடுத்த முறை வரும் செவிலியருக்கு அதுவே வழிகாட்டியாகும்.

எழுத்தறிந்த மாணவர் ஒருவர் வீட்டில் இருப்பின் அக்குறிப்பேட்டை அவரே ஏற்று நடத்தலாம். நான்காம் கூறாகிய பேணுதலில் இளையோர்க்கு உரிய பங்கு இதுவாகும்.