திருச்சிராப்பள்ளி மாநகரக் குடிநீர்த் தரக் கண்காணிப்பு

குடிநீர்த் தரக் கண்காணிப்பு என்பது, ஓர் ஊருக்கு வழங்கப்படும் நீர் குடிக்கத் தகுந்ததுதானா என்பதை, நீர் எடுக்கும் இடம் முதல் வீட்டுக் குழாய் வரை தொடர்ந்து சோதித்து, பதிவு செய்து, குறை கண்டால் உடனே சரிசெய்யும் பணியாகும். திருச்சிராப்பள்ளியில் இது மாநகராட்சியின் பொறுப்பு. 1994 இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் இணைக்கப்பட்டு மாநகராட்சி உருவானது. அதுமுதல், காவிரிக்குத் தெற்கே உள்ள நகரமும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள ஸ்ரீரங்கம் தீவும் ஒரே நிர்வாகத்தின்கீழ் நீர் பெறுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகரில் சுமார் 8.47 லட்சம் பேர் வாழ்ந்தனர்.

நீர் எடுக்கும் இடம்

மாநகரின் குடிநீர் பெரும்பாலும் இரு ஆறுகளின் மணற்படுகையில் அமைந்த சேகரிப்புக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. காவிரிக் கரையில் உள்ள கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையம் இவற்றில் பலரும் அறிந்தது. மேலே ஓடும் நீரை அப்படியே இறைக்காமல், மணலில் ஊறி இறங்கிய நீரை எடுப்பதால் கலங்கலும் கிருமிகளும் பெருமளவு குறைகின்றன. ஆற்று மணலைக் கட்டுமானப் பொருளாக மட்டுமே பார்ப்பவர்கள், அது செலவில்லாத வடிகட்டி என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் மணல் கிருமிகளைக் குறைக்குமே தவிர, அறவே நீக்கிவிடாது. எனவே நீரேற்று நிலையத்திலோ மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலோ குளோரின் சேர்க்கப்படுகிறது.

தர அளவுகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 : 2012 என்னும் ஆவணமே அடிப்படை. பி.எச். மதிப்பு 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். லிட்டருக்குக் கரைந்த உப்புகள் 500 மி.கி., நைட்ரேட் 45 மி.கி., ஃபுளோரைடு 1 மி.கி. என்பவை ஏற்கத்தக்க வரம்புகள். 100 மி.லி. நீரில் ஈ.கோலி என்னும் குடல் பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. உப்பு கூடினால் நாக்கு சொல்லிவிடும், ஈ.கோலி இருப்பதை நாக்கோ கண்ணோ சொல்லாது.

எச்சக் குளோரின்

பாக்டீரியாச் சோதனைக்கு மாதிரியை வெப்பப் பெட்டியில் வைத்து வளர்க்க வேண்டும். முடிவு தெரிய 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதற்குள் அந்த நீரை மக்கள் குடித்து முடித்திருப்பார்கள். ஆகவே அன்றாடக் காவல் எச்சக் குளோரின் சோதனையிடமே இருக்கிறது. கிருமிகளையும் கரிமப் பொருள்களையும் எதிர்கொண்டு செலவானது போக நீரில் மிஞ்சும் குளோரினே எச்சக் குளோரின். குழாய் முனையில் அது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. இருக்க வேண்டும். தொட்டி இயக்குபவர் கையில் உள்ள குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவியில் சில சொட்டு மருந்து விட்டு, தோன்றும் நிறத்தை ஒப்பிட்டால் சில நிமிடங்களில் விடை கிடைக்கும்.

கணக்கும் எளியதே. 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரில் 4 கிராம் எடுத்து 1,000 லிட்டரில் கலந்தால், லிட்டருக்கு 1.2 மி.கி. குளோரின் சேரும். கலந்தபின் அரை மணி நேரமாவது விட வேண்டும். திறந்து கிடக்கும் பவுடர் வீரியம் இழந்துவிடும். அப்போது எடை சரியாக இருந்தும் பயனில்லை. இதனால்தான் போட்ட அளவை எழுதிவைத்தால் போதாது, மிஞ்சிய அளவைச் சோதிக்க வேண்டும்.

கனடாவின் வாக்கர்டன் என்னும் சிற்றூரில் 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணக் கழிவு குடிநீர்க் கிணற்றில் கலந்தது. 7 பேர் இறந்தனர். சுமார் 2,300 பேர் நோயுற்றனர். அங்கு எச்சக் குளோரினை அளக்காமலே 0.5, 0.75 என்று பதிவேட்டில் எழுதிவந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. 

தெருக் குழாயில் நேர்வது

2025 ஏப்ரலில் திருச்சி உறையூர்ப் பகுதியில் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று குடியிருப்போர் கூறினர். அரசுத் தரப்பு அதை மறுத்தது. இத்தகைய பூசலில் உண்மையைக் காட்டக்கூடியவை, நோய் பரவுவதற்கு முந்தைய நாள்களில் அதே தெருக்களில் எடுத்த அளவுகளே. நோய் கண்டபின் குழாயைக் கழுவி, குளோரினைக் கூட்டியபின் எடுக்கும் மாதிரி பழைய நீரைப் பற்றி எதுவும் சொல்லாது.

தொட்டியில் தூய்மையாக இருந்த நீர் தெருவில் கெடுவது எப்படி? நாளில் சில மணி நேரமே நீர் விடப்படும் குழாய், விநியோகம் நின்றதும் வெறுமையாகிறது. உள்ளே அழுத்தம் குறைய, விரிசல் வழியாக வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதை மேலும் கெடுக்கும். இது விதிமீறல் என்பது பலருக்கும் தெரியும்; தெரிந்தே செய்கிறார்கள். அழுத்தம் குறைந்த கடைசி வீடுகளில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைப்பதும் உண்டு. மழையில் அந்தக் குழி நிரம்பிக் குழாய்வாய் மூழ்கிவிடும். ஆகவே நீரேற்று நிலையச் சோதனை மட்டும் போதாது. தெருக்கடைசி வீட்டில், நீர் வரும் முதல் சில நிமிடங்களிலும் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுத்தல்

மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேட்டின்படி, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊரில் 10,000 பேருக்கு மாதம் ஒரு மாதிரி வீதம், நாள்தோறும் பிரித்து எடுக்க வேண்டும். திருச்சியின் 2011 மக்கள்தொகைக்கு இது மாதம் 85, அதாவது நாளுக்கு ஏறத்தாழ மூன்று. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூட்டம் கூடும் நாள்களில் தற்காலிகத் தொட்டிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

1971 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். பாக்டீரியாச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில் தேவை. அதில் சிறிது சோடியம் தயோசல்பேட் இருக்கும். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்று, கெட்ட நீரை நல்ல நீராகக் காட்டிவிடும். தரைத்தொட்டியில் தேங்கிய நீரை எடுக்காமல், தெருக் குழாயிலிருந்து நேராக வரும் நீரைப் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். எடுத்த தேதி, நேரம், தெரு ஆகியவற்றைப் பாட்டிலின் மேலேயே எழுதுவது வழக்கம்.