பெரிய காமிரா செய்வோம்: லென்சுத் தாங்கி

பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் மூன்று கால்களின் மேல் ஒரு பெரிய மரக் காமிரா நின்றிருக்கும். படம் எடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். துணிக்குள் அவர் என்ன பார்த்தார்? தேய்த்த கண்ணாடியின் மேல் தலைகீழாக விழும் பிம்பத்தை! அது தெளிவாகும் வரை லென்சை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் அந்தத் திருகின் வேலை.

சாதாரணப் பிலிம் காமிராவின் படம் 24 மி.மீ. அகலமும் 36 மி.மீ. நீளமும் கொண்டது. பெரிய காமிராவில் 4 அங்குலம், 5 அங்குலம் அளவுள்ள தனித்தனித் தகட்டுப் பிலிமைப் பயன்படுத்துவார்கள். பரப்பில் இது ஏறக்குறைய 15 மடங்கு. இத்தகைய காமிராவை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பெட்டி, ஒரு குவிலென்சு, தேய்த்த கண்ணாடிக்குப் பதிலாக டிரேசிங் தாள் ஆகியவை போதும். ஆனால் லென்சைப் பிடித்து நகர்த்தும் தாங்கிதான் பலரை ஏமாற்றிவிடும்.

நானும் ஏமாந்தவன்தான். முதன்முதலில் செய்த காமிராவில் ஓர் அட்டைக் குழாய்க்குள் இன்னோர் அட்டைக் குழாயைச் செருகி லென்சைப் பொருத்தினேன். வீட்டு வாசலைப் பார்த்தபோது இடப்பக்கத் தூண் தெளிவாக இருந்தது. வலப்பக்கத் தூணோ பனிமூட்டத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. லென்சு மட்டமானது என்று நினைத்தேன். லென்சின் மேல் தவறு இல்லை. தவறு எங்கே? சேர்ந்து கண்டுபிடிப்போம்.

எவ்வளவு நகர வேண்டும்?

தாங்கியைத் தேடுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். முதலில் லென்சின் குவியத் தூரம் வேண்டும். சன்னலுக்கு எதிரே உள்ள சுவரில், வெளியே தொலைவில் நிற்கும் ஒரு மரத்தின் பிம்பத்தை விழச் செய்யுங்கள். அது தெளிவாக இருக்கும்போது லென்சுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுவே குவியத் தூரம். உங்கள் லென்சுக்கு 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

பொருள் அருகே வந்தால் பிம்பம் லென்சிலிருந்து விலகிப் போகும். எவ்வளவு? பொருளின் தூரத்தையும் குவியத் தூரத்தையும் பெருக்குங்கள். பொருளின் தூரத்திலிருந்து குவியத் தூரத்தைக் கழித்து, அந்த எண்ணால் வகுங்கள். பிம்பத்தின் தூரம் கிடைக்கும்.

3 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு விடை 157.9 மி.மீ. அதாவது லென்சு 7.9 மி.மீ. முன்னே வர வேண்டும். 1 மீட்டர் தொலைவில் உள்ள முகத்துக்கு 176.5 மி.மீ.; நகர்வு 26.5 மி.மீ. 50 மி.மீ. லென்சுள்ள சிறு காமிராவில் இதே முகத்துக்கு 2.6 மி.மீ. நகர்ந்தால் போதும். பெரிய காமிராவுக்குப் பத்து மடங்கு நகர்வு தேவைப்படுவதைக் கவனியுங்கள்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

லென்சின் முன் ஏறத்தாழ 19 மி.மீ. துளையுள்ள அட்டையை வைத்தால், துளை குவியத் தூரத்தில் எட்டில் ஒரு பங்காகும். துளை வழியே வரும் ஒளி, ஒரு கூம்பாகக் குறுகி ஒரு புள்ளியில் முடிகிறது. புள்ளியிலிருந்து 0.8 மி.மீ. விலகினால் அது 0.1 மி.மீ. வட்டமாகிவிடும். இந்த அளவிலான படத்தில் அதற்கு மேல் விரிந்தால் கண்ணுக்கு மங்கல் தெரியத் தொடங்கும். ஆகவே நமக்குக் கிடைக்கும் சலுகை முன்பக்கம் 0.8 மி.மீ., பின்பக்கம் 0.8 மி.மீ. மட்டுமே.

இப்போது என் அட்டைக் குழாய்க்கு வருவோம். இரு குழாய்களுக்கும் இடையே 1 மி.மீ. தளர்வு இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்த நீளம் 20 மி.மீ. தான். அப்படியானால் லென்சு 20-க்கு 1 என்ற சரிவில் சாய முடியும். படத்தின் நடுவிலிருந்து 50 மி.மீ. தள்ளியுள்ள ஓரத்தில் இந்தச் சரிவு 2.5 மி.மீ. பிழையாகிறது. சலுகையைப் போல மூன்று மடங்கு! வலப்பக்கத் தூண் மங்கிய காரணம் புரிகிறதல்லவா? செருகிய நீளம் 100 மி.மீ. ஆக இருந்திருந்தால் பிழை 0.5 மி.மீ. தான், இரு தூண்களும் தெளிவாக இருந்திருக்கும்.

லென்சை நகர்த்துவது எளிது. சாயாமல் நகர்த்துவதே தாங்கியின் உண்மையான வேலை.

மற்றவர்கள் செய்த வழிகள்

1839-இல் பாரிஸ் நகரில் டாகேர் தம் முறையை வெளியிட்டபோது விற்கப்பட்ட காமிரா, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு மரப் பெட்டிகளே. பெட்டிகள் ஆழமாகச் செருகியிருந்ததால் சாயவில்லை. ஆனால் கையால் இழுப்பதால் சிறு நகர்வு கடினம்.

1840-க்குப் பின் வந்த பெட்ஸ்வால் லென்சுகள் பலவற்றில் பித்தளைக் குழாயும், அதை நகர்த்தப் பல்சக்கரமும் பற்சட்டமும் இருந்தன. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறு காமிராக்களில் திருகுமரைத் தாங்கி வந்தது. லென்சைத் திருகினால் முன்னே வரும். நகர்வு குறைவாதலால் அது பொருத்தமானது.

அகலவாய் பாட்டில் மூடியும் இத்தகைய மரைதான். ஆனால் அதில் ஓரிரு சுற்றுகளே உண்டு. சில மி.மீ. நகர்வு தொலைதூரக் காட்சிக்குப் போதும், முகத்துக்குப் போதாது.

நாமே செய்வோம்

தாங்கும் வேலையையும் வெளிச்சத்தைத் தடுக்கும் வேலையையும் பிரித்துவிடுங்கள். ஓர் அடிப்பலகையின் பின்முனையில் டிரேசிங் தாள் ஒட்டிய சட்டத்தை அசையாமல் பொருத்துங்கள். லென்சுப் பலகையை 10 செ.மீ. நீளமுள்ள கட்டையின் மேல் நிறுத்துங்கள். இணையாக அறைந்த இரண்டு ரீப்பர்களுக்கு நடுவே இந்தக் கட்டை ஆடாமல் சறுக்க வேண்டும்.

அடிப்பலகையின் முன்முனையில் ஒரு சிறு கட்டையை நிறுத்தித் துளையிட்டு, 6 மி.மீ. போல்ட்டைச் செருகுங்கள். அது சுழலலாம், முன்பின் நகரக் கூடாது. எனவே மறுபுறம் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குங்கள். சறுக்கும் கட்டையில் போல்ட் நுழையத் துளையிட்டு, அதன் வாயில் மூன்றாவது நட்டைப் பதித்து ஒட்டுங்கள். சாதாரண 6 மி.மீ. போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வு, கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. நம் சலுகைக்குள் எளிதாக அடங்கிவிடுகிறது! லென்சுப் பலகைக்கும் பின்சட்டத்துக்கும் இடையே கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக உறைபோல் ஒட்டினால், ஹார்மோனியத் துருத்தியைப் போல் அது விரிந்து சுருங்கும்.

சோதித்துப் பாருங்கள்

சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, காமிராவை நேராக அதன் எதிரே வையுங்கள். நடுவில் எழுத்துகள் தெளிந்ததும் நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவில் மங்கினால் அது ஒற்றை லென்சின் இயல்பு, துளையைச் சிறிதாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் தாங்கி சாய்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: லென்சைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

அடுத்த முறை படம் மங்கும்போது லென்சைக் குறை சொல்லாதீர்கள். முதலில் அதைப் பிடித்திருக்கும் தாங்கியை அளந்து பாருங்கள்!