19 இன்ச் வீல் அழகுதான், ஆனா உங்க காருக்குப் பொருந்துமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். கணக்குகளை மட்டும் படிக்க வசதியாக ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ரொம்ப நாள் ஆசைப்பட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு 2013 மாடல் டொயோட்டா 86 வாங்கியிருக்கிறார். ஐரோப்பாவில் ஜிடி86 என்று விற்றார்களே, அதே கார்தான். அவர் சொன்னது இது: "அண்ணே, தெரிஞ்சவர் ஒருத்தர் 19 இன்ச் அலாய் செட்டு டயரோட தர்றேங்கறார். எனக்கு அது ரெண்டு மாசச் சம்பளம். பார்க்கச் சும்மா அள்ளுது. வாங்கலாமா?"

கூடவே செட்டின் விவரத்தையும் அனுப்பியிருந்தார். வீல் 19 இன்ச் விட்டம், 8.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 35. டயர் 235/35 ஆர்19. அதனால இன்னைக்கு இந்த ஒரு செட்டை எடுத்துக்கிட்டு, அது அந்தக் காருக்குச் சரிப்படுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் போறோம். உங்ககிட்ட எந்தக் கார் இருந்தாலும் இதே கணக்குதான்.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு உண்மையைச் சொல்லிடறேன். என் பழைய ஹேட்ச்பேக்குக்கு நானும் இப்படித்தான் ஆசைப்பட்டு ரெண்டு இன்ச் பெரிய வீல் மாட்டினேன். கடையில் "பக்காவா உட்காரும் சார்" என்றார்கள். உட்கார்ந்தது. மூணாவது வாரம் மழைத் தண்ணி நின்ன ஒரு பள்ளத்தில் இறங்கினேன். டயர் பக்கவாட்டில் முட்டை மாதிரி ஒரு வீக்கம், ரிம் வளைஞ்சு போச்சு. உட்காருவது வேற, பொருந்துவது வேற என்று அன்னைக்குத்தான் புரிந்தது.

டயர்ல எழுதியிருக்கறத படிங்க

டொயோட்டா 86-ல் கம்பெனியிலிருந்து வந்த டயர் 215/45 ஆர்17 87டபிள்யூ. இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம். இது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 45 சதவீதம். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அகலத்தை மாற்றினால், 45 அப்படியே இருந்தாலும் பக்கச்சுவர் உயரம் மாறிவிடும். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம் விட்டம், இன்ச்சில். 87 சுமைக் குறியீடு, டபிள்யூ வேகக் குறியீடு.

ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூணும் கலந்து கிடக்கிறது. குழப்பம் உங்க தப்பு இல்லை.

முதல் கேள்வி: மொத்த உயரம் மாறுதா?

215-ல் 45 சதவீதம் என்றால் 96.75 மி.மீ. மேலேயும் கீழேயும் இருப்பதால் ரெண்டால் பெருக்கணும்: 193.5. ரிம் 17 இன்ச், அதாவது 431.8 மி.மீ. கூட்டினால் சுமார் 625 மி.மீ. இதுதான் டயரின் மொத்த விட்டம். காரின் கியர், ஸ்பீடோமீட்டர், சஸ்பென்ஷன் எல்லாமே இந்த விட்டத்தை மனசில் வைத்துத்தான் அமைத்திருப்பார்கள்.

இப்ப டொயோட்டாவே என்ன செய்தது என்று பாருங்க. ஜப்பானில் இதே காரின் விலை குறைந்த மாடலுக்கு 205/55 ஆர்16 கொடுத்தார்கள். விட்டம் சுமார் 632. அடுத்த தலைமுறையான ஜிஆர்86-ல் 18 இன்ச் வீலுக்கு 215/40 ஆர்18. விட்டம் சுமார் 629. ரிம் 16, 17, 18 என்று ஏறினாலும் மொத்த உயரம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஆடுகிறது. ரிம் வளர வளர, ரப்பர் அதே அளவுக்குக் குறைகிறது.

நம்ம நேயரின் 235/35 ஆர்19-ஐப் போடுங்க: 164.5 கூட்டல் 482.6, மொத்தம் 647 மி.மீ. அதாவது 3.5 சதவீதம் பெரிசு. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோணலாம். ஸ்பீடோமீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் வேகம் சொல்கிறது. சக்கரம் பெரிசானால் ஒவ்வொரு சுற்றுக்கும் கார் கூடுதல் தூரம் போகும். பழைய டயரில் 100 போன அதே சுற்றுக்கு இப்ப 103.5 போவீங்க, முள் மட்டும் பழையபடியே காட்டும். உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிமுறை. அதனால்தான் கம்பெனிகள் முள்ளைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைக்கிறார்கள். நீங்க அந்த இடைவெளியைத் தின்னுடறீங்க.

இன்னொன்று, இழுவை. இந்தக் காரின் ஃபைனல் டிரைவ் விகிதம் 4.1. டயர் 3.5 சதவீதம் பெரிசானால் அது 3.96 மாதிரி ஆகிவிடும். 200 குதிரைத்திறன் உள்ள, டர்போ இல்லாத இன்ஜினுக்கு இது கனம். அமெரிக்காவில் விற்ற 2017 மேனுவல் மாடலில் கார் சுறுசுறுப்பாகக் கிளம்பணும் என்று டொயோட்டா அதை 4.3 ஆக்கியது. நம்மாளு காசு கொடுத்து எதிர்த் திசையில் போகப் பார்க்கிறார்.

பொதுவாக ரெண்டு சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. மூணைத் தாண்டினால் வேண்டாம்.

ரெண்டாவது கேள்வி: எடையைத் தாங்குமா?

87 என்றால் ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும். 85 என்றால் 515, 89 என்றால் 580, 91 என்றால் 615. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை. விதி எளிது: புது டயரின் எண்ணும் எழுத்தும் பழையதைவிடக் கீழே இறங்கக் கூடாது. வடிவமைத்த கம்பெனி கணக்குப் போட்டு 85 வைக்கலாம், ஜிஆர்86-ல் அப்படித்தான் வைத்திருக்கிறது. நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை.

பக்கச்சுவர் குறைந்த டயர்களில் எக்ஸ்.எல். என்று எழுதியிருக்கும். கூடுதல் சுமைக்கான டயர். ஆனா அந்தப் பலம் கூடுதல் காற்றில்தான் வருகிறது. சாதாரண டயர் தன் முழுச் சுமையை 36 பி.எஸ்.ஐ.யில் தாங்கும், எக்ஸ்.எல். டயருக்கு 42 வேணும். பழைய டயருக்கு அடித்த அதே காற்றை இதற்கும் அடித்தால், எண்ணில் பார்த்த பலம் கையில் கிடைக்காது. ரெண்டு மூணு பி.எஸ்.ஐ. கூட்டி வைக்கணும்.

மூணாவது கேள்வி: ரிம் எங்கே போய் நிற்கும்?

ஆஃப்செட் என்ற சொல்லைக் கேட்டாலே பலர் தலையாட்டிவிட்டு நகர்ந்துடறாங்க. விஷயம் சின்னதுதான். வீலை நட்டநடுவில் பிளப்பதாக நினைச்சுக்குங்க. அந்த நடுக்கோட்டிலிருந்து, வீல் ஹப்பில் போய் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கு என்பதுதான் ஆஃப்செட். எண் குறைந்தால் வீல் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும்.

86-ன் அசல் வீல் 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 48. பாதி அகலம் 89 மி.மீ., அதில் 48 கழித்தால் 41. அதாவது ரிம்மின் வெளி விளிம்பு ஹப் முகத்திலிருந்து 41 மி.மீ. வெளியே. நேயரின் செட்: 8.5 இன்ச்சில் பாதி 108, அதில் 35 போக 73. ஆக 32 மி.மீ. கூடுதலாக வெளியே வருகிறது. டயரின் அகலத்தை வைத்துப் பார்த்தாலும் 23 மி.மீ. நீட்டிக்கிட்டு நிற்கும். ரெண்டு பேர் பின்னாடி உட்கார்ந்து ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும். வீல் பேரிங் மேல் நெம்புகோல் மாதிரி பாரம் ஏறும், ஸ்டியரிங்கின் உணர்வும் கெடும். டயர் பாடிக்கு வெளியே நீட்டுவதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதும் இல்லை.

டயருக்கும் ரிம் அகலத்துக்கும்கூடப் பொருத்தம் பார்க்கணும். 215/45 ஆர்17 டயருக்கு ஏற்ற ரிம் 7 முதல் 8 இன்ச் வரை. 225/40 ஆர்18-க்கு 7.5 முதல் 9 வரை. இந்த வரம்பு டயர் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நேயரின் செட் பாஸ்: 235/35 ஆர்19-க்கு 8.5 சரியான அகலம்.

நாலாவது கேள்வி: ஓட்டைகள் சேருமா?

86-ல் ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டத்தில். இதைத்தான் 5x100 பி.சி.டி. என்கிறோம். நடு ஓட்டை 56.1 மி.மீ. நம்ம ஊர் ஃபோக்ஸ்வேகன் போலோவும் 5x100தான், ஆனா நடு ஓட்டை 57.1. போலோ வீல் 86-ல் ஏறும், ஒரு மி.மீ. லூசாக நிற்கும். 86 வீல் போலோவில் ஏறவே ஏறாது. கடையில் விற்கும் பல அலாய்களில் எல்லாக் காருக்கும் ஆகட்டும் என்று நடு ஓட்டையை 73.1 அளவில் பெரிசாக விட்டிருப்பார்கள். அதற்கு ஹப் ரிங் என்ற சின்ன வளையம் போட்டே ஆகணும். போடாமல் ஓட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் உதறும். நீங்க பேலன்சிங், அலைன்மென்ட் என்று காசைக் கொட்டிக்கிட்டே இருப்பீங்க.

"ஆனா அகல டயர்னா கிரிப் கூடுமே?"

நியாயமான கேள்வி. 86-ன் எடை சுமார் 1,240 கிலோ. ஒரு டயருக்கு 310 கிலோ. 35 பி.எஸ்.ஐ. காற்றில் அந்த எடையைத் தாங்க ரோட்டில் படும் பரப்பு ஏறத்தாழ 125 சதுர செ.மீ., நம்ம அஞ்சலட்டை அளவு. அகல டயர் போட்டாலும், காற்றும் எடையும் அதேதான் என்றால் இந்தப் பரப்பு பெரிசா மாறாது. அஞ்சலட்டை குறுக்கே திரும்பிக்கிடும், அவ்வளவுதான். காய்ந்த ரோட்டில் வளைவுகளில் அது உதவும். மழையில் அதே அகலம் தண்ணியை ஒதுக்கச் சிரமப்படும், டயர் சீக்கிரம் மிதக்கும். நிஜமான கிரிப் பெரும்பாலும் ரப்பர் கலவையில் இருந்து வருகிறது. நல்ல கலவையில் செய்த 215, மட்டமான 235-ஐ ஜெயிக்கும்.

இந்தக் காரின் கதையே இதற்குச் சாட்சி. தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா டர்போ வேண்டாம், நாலு சக்கர இழுவை வேண்டாம், அதிக கிரிப் டயரும் வேண்டாம் என்று தீர்மானித்துத்தான் இதை உருவாக்கினார். 2012-ல் கார் வந்தப்ப, பிரியஸின் சில மாடல்களில் இருந்த அதே 215/45 ஆர்17 அளவு ஸ்போர்ட்ஸ் காரிலும் இருப்பதைப் பார்த்துக் கிண்டலடித்தவர்கள் நிறைய. ஆனா மிதமான வேகத்திலேயே கார் வழுக்குவதை ஓட்டுபவர் உணரணும், அதைக் கட்டுப்படுத்தி ரசிக்கணும் என்பதுதான் அவர் நோக்கம். அந்த டயர் காசை மிச்சம் பிடிக்க வைத்தது இல்லை, காரின் குணத்தில் ஒரு பகுதி.

அப்போ என்னதான் வாங்கறது?

நேயருக்கு என் பதில்: அந்த 19 இன்ச் செட்டு வேண்டாம் தம்பி. உயரத்தில் தவறுகிறது, ஆஃப்செட்டில் பெரிசாகத் தவறுகிறது. பெரிய வீல்தான் வேணும் என்றால் ஜிஆர்86-ன் அசல் 18 இன்ச் வீலைத் தேடுங்க. 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 48, அதே 5x100, அதே 56.1 ஓட்டை. உள்ளேயும் வெளியேயும் ஆறு மி.மீ. அளவுக்குத்தான் கூடும். அதற்கு 215/40 ஆர்18, சுமைக் குறியீடு 89 எக்ஸ்.எல். போதும். கொஞ்சம் அகலம் வேணும் என்றால் 225/40 ஆர்18. விட்டம் 637, 1.9 சதவீதம் கூடுதல், வரம்புக்குள் நிற்கிறது. பக்கச்சுவர் உயரம் 97-லிருந்து 86 அல்லது 90 மி.மீ. ஆகும். 19 இன்ச்சில் அது 82. பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான், என் ரிம்மைக் கேட்டுப் பாருங்க.

இல்லை, காரை நல்லா ஓட்டணும் என்பதுதான் ஆசையா? இருக்கிற 17 இன்ச் வீலே போதும். நல்ல டயர் நாலு போடுங்க. மிச்சப் பணம் கையில் இருக்கும்.

பழைய செட்டு வாங்கறவங்க காசு கொடுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது மூணு. டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 0824 என்றால் 2024-ன் எட்டாவது வாரம் செய்தது. ரிம்மின் உள்பக்கம் விரலை ஓட்டி வளைவோ வெல்டிங் தழும்போ இருக்கா என்று தடவிப் பாருங்க. ஒரு வீலை மாட்டி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்கேயும் இடிக்கலை என்று உறுதி பண்ணுங்க. மாட்டின பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விபத்து நடந்த பிறகு சொன்னால் பேச்சு வேற மாதிரி போகும்.

நேற்று ராத்திரி நேயரிடமிருந்து பதில் வந்தது. "அண்ணே, மனசு கேட்கல, ஆனா கணக்கு கேட்டுச்சு. வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்கிறார். உங்க காரின் ஓட்டுநர் கதவு ஓரத்தில் டயர் அளவும் காற்றழுத்தமும் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இன்னைக்கே ஒரு படம் எடுத்து போனில் வைச்சுக்குங்க. எந்தக் கடையில் யார் என்ன சொன்னாலும், கணக்கை அங்கிருந்து ஆரம்பிங்க. அடுத்த எபிசோடில் பிரேக் பேட் பற்றிப் பேசுவோம்.