பாரி வளைவில் காரைக் கொடுத்துடாதீங்க!

எங்கள் ஆபீஸில் ஒரு தொற்றுநோய் பரவுகிறது. பெயர், செகண்ட்ஹேண்ட் ஆம்னி! கம்பெனி 2019-லேயே நிறுத்திவிட்ட வண்டி. ஆனாலும் லோன் போட்டு வாங்குகிறார்கள். ஸீட் கவர், ம்யூஸிக் சிஸ்டம் எல்லாம் ஜோராக மாட்டி, ஏலகிரிக்கு நாளும் குறித்துவிடுகிறார்கள். கடைசியில்தான் டயர் ஞாபகம் வருகிறது. அதுவும் எப்படி?

“சார், ஆம்னியில பின்சக்கரம்தானே வண்டியைத் தள்ளுது? அதுக்கு வின்டர் டயர்தான் பெஸ்ட்டுன்னு வெளிநாட்டு வீடியோவுல சொல்றான். போட்டுரலாமா?”

வின்டரா? ஆற்காட்டிலா?

விஷயம் இதுதான். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போய்ப் பிடிப்பு குறையும். வின்டர் டயரின் மெத்தென்ற ரப்பர் விறைக்காது. ஜெர்மனியில் பனி படர்ந்த ரோட்டில் அது கட்டாயம்; 2010-ல் சட்டத்தையே கறாராக்கிவிட்டார்கள். நமக்கோ அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டுகிறது. தார் ரோடு அதைவிடச் சூடு. அதில் மெத்து ரப்பர் மளமளவென்று தேயும்; பிரேக் அடித்தாலும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும். ஆம்பூரிலிருந்து ஷூ வெளிநாட்டுக்குப் போகிறது என்பதற்காக, பனிக்கால பூட்ஸை மாட்டிக்கொண்டு மே மாதம் ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியுமா?

‘ஆல் ஸீஸன்’ டயரும் வெயிலுக்கும் லேசான பனிக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்தான். நம்ம ஊர்க் கடையில் கிடைக்கிற சாதாரண டயரே வெயிலையும் மழையையும் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் அரக்கோணத்திலேயே எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்க, பனிநாட்டு டயருக்கு ஏன் அலையணும்?

நமக்கு நிஜமான வில்லன் மழை. அதுவும் முதல் மழை! ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து வழுக்கும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேரைக் கொடுத்தார் பாரி. அவர் பெயர் வைத்த வளைவில் நாம் பள்ளத்துக்குக் காரைக் கொடுத்துவிடக் கூடாது!

ஆம்னியின் இன்ஜின் இருப்பது முன் ஸீட்டுக்கு அடியில். பின்னால் ஆளில்லை என்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைவு. ஈர வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அது சுற்றும். வால் பக்கம் ஒதுங்கும். முன்டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். புதுசாக ஸ்டியரிங் பிடித்தவர் சமாளிப்பது கஷ்டம்.

அதனால், ரெண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கிறதா? புதுசு இரண்டும் பின்னால்! முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கும் இதே விதிதான். ஆனால், முன்டயரும் மொட்டையாகக் கூடாது. பட்டன் பள்ளம் 1.6 மில்லிமீட்டராவது இருக்கணும் என்பது சட்டம். பள்ளத்துக்குள்ளே சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயருக்கு ரிட்டயர்மென்ட்!

வயசையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ‘2319’ என்று இருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்தது. பட்டன் பளபளவென்று இருந்தாலும், ஐந்து வயசைத் தாண்டினால் வருஷாவருஷம் செக்கப் அவசியம். பத்து வயசானால் கேள்வியே இல்லை, கழற்றிவிடணும்.

இன்னொன்று... “வெயில் காலம், காத்தைக் கம்மியா வையுங்க” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்று குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கி, இன்னும் சூடாகி, ஹைவேயில் வெடிக்கலாம். கம்பெனி சொன்ன அளவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பிடியுங்கள்.

“நாலையும் மாத்தினா பட்ஜெட் இடிக்குதே சார்?”

இடிக்கட்டும், பட்ஜெட்தானே இடிக்குது! ம்யூஸிக் சிஸ்டம் தீபாவளி போனஸ் வரைக்கும் காத்திருக்கும் தம்பி. மொட்டை டயர் மழை வரைக்கும்தான் காத்திருக்கும்!