மழை வந்தாச்சு, குலை எங்கே?

தோட்டத் தோழர்களே! சித்திரை மழையில் மண் குளிர்ந்ததும் வறட்சி தொலைந்தது என்று நினைக்கிறோம். செம்பனைக்கு அது உடனே தீராது. தண்ணீர் கிடைக்காத மரம் ஆண் பூவை அதிகம் விடும். ஆண் பூ குலையாகாது. அந்த நஷ்டம் ஓராண்டு கழித்தும் தெரியும்.

எல் நினோ வறட்சியில் கண்டோமே! 2015-இல் 1 கோடியே 99 லட்சம் டன்னாக இருந்த மலேசியப் பாமாயில் உற்பத்தி, 2016-இல் 1 கோடியே 73 லட்சமாக இறங்கியது.

"மழைதான் பெய்யுதே, குலை ஏன் கொறஞ்சிச்சு?" என்று மண்டோர் கேட்டால் தலைகுனியாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். வெட்டிய குலையைத் தினமும் நோட்டில் எழுதி வையுங்கள். 2024 சம்பள ஆணைப்படி, குலைக்கணக்கில் கூலி வாங்குபவருக்கும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையக்கூடாது. குறைந்தால் நோட்டோடு வாருங்கள். நிர்வாகத்திடம் நாங்கள் பேசுகிறோம்.