சிடியில் வந்த மென்பொருள், கேளாமல் வரும் மென்பொருள்

வீட்டுக் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டவர்களுக்கு 39 என்ற எண் மறக்காது. நீலத் திரையில் எஃப்8 அழுத்தி, சி டிரைவை ஃபார்மேட் செய்து, கோப்புகள் ஏறி முடிந்து, கணினி ஒருமுறை அணைந்து எழுந்ததும் இடது ஓரத்தில் ‘இன்னும் சுமார் 39 நிமிடம்’ என்று காட்டும். நல்ல கணினியில் சொன்னபடி முடியும். ரேம் குறைந்த கணினியில் மணிக்கணக்காக இழுக்கும். வலது கீழ் மூலையில் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அவை அசையாமல் நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நடுவில் 25 எழுத்துள்ள கீ கேட்கும். சிடியின் மேல் மார்க்கரால் எழுதியிருப்பார்கள். எழுதியது 8-ஆ, பி-யா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

அன்று நம் ஊர்களில் பாதிக்கு மேல் அசெம்பிள் செய்த கணினிகள்தான் என்பது என் கணிப்பு. சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிப் பூட்டிக் கொடுத்தவரே ஒரு சிடி பையோடு வீட்டுக்கு வந்து ஓஎஸ் போடுவார். அதோடு முடிந்துவிடாது. மதர்போர்டு பெட்டியில் வந்த சிடியைப் போட்டு சவுண்ட், டிஸ்ப்ளே, லேன் என்று ஒவ்வொரு டிரைவராக ஏற்ற வேண்டும். அந்தச் சிடி தொலைந்துபோன வீட்டில் அடுத்த ஃபார்மேட்டுக்குப் பிறகு கணினி ஊமையாகத்தான் இருக்கும். பிறகு ஆபீஸ், ஆன்டிவைரஸ், விஎல்சி, தமிழ் எழுத்துருக்கள். ஒரு நாள் மாலை முழுக்கப் போய்விடும். ஆனால் கணினியில் என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எல்லோருக்கும் தெரியும். ‘படத்தையெல்லாம் டி டிரைவுக்கு மாத்திட்டீங்களாண்ணே?’ என்று பள்ளிப் பிள்ளை கேட்கும் அளவுக்கு அந்த அறிவு வீட்டுக்குள் வந்திருந்தது.

அப்டேட் கதை வேறு. விண்டோஸ் 98 காலத்திலேயே இணையம்வழி அப்டேட் வந்துவிட்டது. நம் வீடுகளுக்குத்தான் அது எட்டவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-இன் முழுக் கோப்பு ஏறக்குறைய 266 எம்பி. 56 கேபிபிஎஸ் டயல்-அப் முழு வேகத்தில் ஓடினாலும் 11 மணி நேரம் ஆகும்; முழு வேகத்தில் ஒருநாளும் ஓடியதில்லை. அதுவரை வீட்டுத் தொலைபேசிக்கு யாரும் கூப்பிட முடியாது, இணையக் கட்டணத்தோடு தொலைபேசிக் கட்டணமும் ஏறும். அதனால் கணினி இதழ்களோடு வந்த சிடிகளில்தான் பலர் அதைப் பெற்றார்கள். இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் இருந்தது உரிமம் இல்லாத நகல். அப்டேட் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஓஎஸ் போட்டவரே அதை நிறுத்தி வைத்துவிட்டுப் போவார்.

அதன் விலையைப் பார்த்தோம். 2003 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே ஓட்டை வழியாக பிளாஸ்டர் வார்ம் புகுந்தது. இணையத்தில் இணைந்த சிறிது நேரத்தில் ஒரு பெட்டி தோன்றி 60-இலிருந்து இறங்கு எண்ணிக்கை தொடங்கும். பூஜ்யம் வந்ததும் கணினி ரீஸ்டார்ட் ஆகும். நோய்க்கு மருந்து இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போனால் 60 நொடிதான் ஆயுசு. ரன் பெட்டியில் ‘ஷட்டவுன் -ஏ’ கட்டளையைத் தட்டி எண்ணிக்கையை நிறுத்தத் தெரிந்தவர் அன்று தெருவுக்கே வைத்தியர்.

தமிழைப் பொறுத்தவரை, சிடி போய் அப்டேட் தானாக வரத் தொடங்கிய மாற்றம் இன்னும் பெரிது. எக்ஸ்பியில் தமிழ் உள்ளேயே இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் செய்தால், எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். அந்தச் சிடி ஓஎஸ் போட்டுக் கொடுத்தவர் பையில் இருக்கும். அதுவரை யூனிகோடு பக்கம் எதைத் திறந்தாலும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளிகளால் ஆன வட்டம். தட்டச்சுக்கு இ-கலப்பை போன்ற மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள் சேர்ந்தது 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டில். இருபது ஆண்டுகள் காத்திருந்த ஒன்று, யாரும் சிடி தேடாமல், ஆள் கூப்பிடாமல் கோடிக்கணக்கான கணினிகளுக்குள் வந்து உட்கார்ந்தது. தானாக வரும் அப்டேட்டைக் குறை சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பாதுகாப்பு விஷயத்திலும் பழைய நாள் திரும்பி வர வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை வார்ம் உலகத்தை உலுக்கியபோது, அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஆனால் வருகிற நேரத்தையும் விதத்தையும் வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது தவறு. விண்டோஸ் 10 ஹோம் பதிப்பில் அப்டேட்டைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கும் வசதியே 2019-இல்தான் கிடைத்தது, அதுவும் அதிகபட்சம் 35 நாள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் படிக்கும் கல்லூரி மாணவிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. லேப்டாப்பைத் திறந்து பாடம் தொடங்குமுன் அப்டேட் அதைக் குடித்துவிடும். அந்த வைஃபை இணைப்பின் அமைப்புக்குள் போய் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்தால் பெரும்பாலான பதிவிறக்கம் நிற்கும். இந்த ஒரு பொத்தானை யாரும் அவளுக்குச் சொல்லித் தருவதில்லை. அன்று ஓஎஸ் போட வந்த அண்ணன் சொல்லியிருப்பார்.

பிடி இன்னும் இறுகியிருக்கிறது. விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போதே இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. 2017 தொடக்கத்தில் வாங்கிய 7-ஆம் தலைமுறைக் கணினி இன்றும் நன்றாக ஓடும். ஆனாலும் அதற்கு வழி அடைபட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்கள் தனியே பதிவு செய்தால் இன்னும் ஓராண்டு, 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பழுதே இல்லாத கணினியைப் பழையது என்று ஒதுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2005 முதல் 2011 வரை, விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு ஓஎஸ் சிடியைக் கேட்டவர் வீட்டுக்கு இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். நம் கல்லூரி விடுதிகளுக்கும் அவை வந்தன. இன்று சிடியும் தேவையில்லை. ஒரு 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பிப் பார்க்கலாம். வன்தட்டில் இருப்பதைத் தொடாமல் வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று சோதிக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்கில் நகலெடுத்துவிட்டு நிறுவலாம். லினக்ஸ் மின்ட் என்றால், அப்டேட் வந்திருப்பதாகத்தான் அது சொல்லும். எப்போது போடுவது என்பதை உங்களிடம் விட்டுவிடும். புதுக் கணினிக்கு முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ எடுத்து வைக்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்குக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.