மனநல நோயாளியின் குறையைக் கேட்பார் யார்?

புது தில்லி: இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், மருத்துவமனையில் கவனிப்பு சரியில்லை என்று சொன்னால் அனைவரும் நம்புவர். மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் அதையே சொன்னால், அதுவும் நோயின் அறிகுறி என்று ஒதுக்கிவிடுவர். நாட்டின் மனநல மருத்துவமனைகளில் சீர்திருத்தம் மெதுவாகவே நடைபெறுவதற்கு இந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம்.

ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் ஆகிய மூன்று ஊர்களின் கதையே இதற்குச் சான்று. அங்குள்ள அரசு மனநல மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை 1997-ஆம் ஆண்டில் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது. சுமார் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அதே மூன்று மருத்துவமனைகளையும் ஆணையம் நேரில் பார்வையிட்டது. நாடு முழுவதும் உள்ள 46 அரசு மனநல மருத்துவமனைகளின் நிலை மனிதாபிமானமற்றது, பரிதாபத்துக்குரியது என 2023 ஜனவரியில் அது அறிவித்தது. குணமடைந்த பிறகும் பலர் வெளியே அனுப்பப்படாமல் வைக்கப்பட்டிருந்ததையும் ஆணையம் சுட்டிக்காட்டியது.

இடையே 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தமிழகத்தின் ஏர்வாடியில் நேரிட்ட தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களின் நிலை நாட்டுக்குத் தெரிய தீ மூள வேண்டியிருந்தது.

சட்டத்தில் எதிரொலித்த குறைகள்

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) இந்த நிலையை மாற்ற முற்பட்டது. அதன் 20-ஆவது பிரிவு, நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த குறைகளின் பட்டியல் போலவே அமைந்துள்ளது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்த உடையை அணியலாம். வேலை செய்யுமாறு வற்புறுத்தக் கூடாது. சுகாதாரமான இருப்பிடம், போதிய உணவு, தனிமைக்கு மதிப்பு ஆகியவை வேண்டும் என்கிறது அப்பிரிவு. மயக்க மருந்து இன்றி மின் அதிர்ச்சி சிகிச்சை அளிப்பதும், சங்கிலியால் பிணைப்பதும் சட்டத்தின் வேறொரு பிரிவில் தடை செய்யப்பட்டுள்ளன.

சேவையில் குறை இருந்தால் நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவரிடமும், அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் நோயாளி முறையிடலாம். இந்த உரிமை தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். மனநோயால் பாதிக்கப்பட்டவர்களோ அவர்களைப் பராமரிப்பவர்களோ வாரிய உறுப்பினராகவும் சட்டம் வழி செய்கிறது. ஆனால், பல மாநிலங்களில் இந்த வாரியங்களை அமைப்பதே ஆண்டுக்கணக்கில் தாமதமானது. முறையிடும் உரிமை இருந்தும், முறையீட்டைக் கேட்கும் இடம் இல்லாத நிலை ஏற்பட்டது.

பதிவேட்டில் இல்லாதவை

படுக்கைகள் எத்தனை, எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், மருந்து எவ்வளவு செலவானது என்பதை மருத்துவமனைப் பதிவேடு சொல்லும். மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினாரா, மருந்தின் பக்க விளைவுகளை விளக்கினாரா, கழிப்பறைக்குக் கதவு இருந்ததா என்பவற்றை நோயாளிதான் சொல்ல முடியும்.

2015-16-இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் தன்மைக்கு ஏற்ப, சிகிச்சை தேவைப்படுவோரில் 70 முதல் 92 சதவீதம் பேர் அதைப் பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறையும், ஊரார் பேச்சுக்கு அஞ்சுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். எனினும், முதன்முறை சென்றபோது அவமதிக்கப்பட்டவர் மறுமுறை செல்லத் தயங்குவார்; அவர் கதையைக் கேட்ட அண்டை வீட்டார் செல்லவே மாட்டார்.

மனநல நிறுவனங்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது சட்டம். தணிக்கைக்குச் செல்வோர் கண்காணிப்பாளரின் அறையிலேயே திரும்பிவிடாமல், ஊழியர்கள் உடன் இல்லாத நேரத்தில் நோயாளிகளிடம் அமர்ந்து பேச வேண்டும். அவ்வாறு பேசாதவரை, அடுத்த ஆய்வறிக்கையும் முந்தைய அறிக்கையின் நகலாகவே இருக்கும்.